புழுதிக்குள்ளே ஒரு கிரகணம்

தெருத் தோழர்களே,

முதலில் நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு மறதி வந்துவிட்டது, மீதிப் பேருக்குப் பொறாமை. உழவர்கரையில் இன்று காலனியும் கடையுமாக இருக்கிற இடத்தில் சப்பாத்திக் கள்ளி முளைத்துக் கிடந்தபோது, ஒரு ஓலைக் கொட்டகையும் இரவல் வாங்கிய வெல்டிங் மெஷினும் வைத்துப் பட்டறை போட்டவன் நான். அந்தப் பக்கத்து இரும்பு கேட்டுகளைத் தட்டிப் பாருங்கள். பாதி கேட்டு என் பேரைச் சொல்லும். பிள்ளைச்சாவடியில் மீன் ஏலம் போடும் கொட்டகைக்குக் கூரை போட்டேன். புயலில் பனைமரம் சாய்ந்தது, என் கூரை அசையவில்லை. உப்புத் தண்ணீரில் இரும்பு நிற்காது என்று எல்லோரும் கைவிட்ட நோணாங்குப்பத்துப் படித்துறைக்குக் கைப்பிடி போட்டேன். கல்யாண மண்டபம் ஒன்று கட்டினேன், உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அங்கே தாலி ஏறியது என்று நீங்களே சொல்லுங்கள். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதையும் முழுதாகப் படிக்கவில்லை.

இத்தனையும் செய்த கை முதன்முதலில் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. அதை எங்கேயும் யாரும் எழுதவில்லை. நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன டீச்சர், என் சித்தப்பா மகளுக்கு எழுபது நிறைகிறது, விழா மலருக்கு ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டும் என்று கேட்டீர்கள். அவள் பிறந்த நாளைப் பற்றி என்னைவிட யார் எழுத முடியும்?

நம்மூரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய மறு வருஷம். நான் பத்து வயதுப் பையன். ஆனி மாதத்து அமாவாசை, காலையில் சூரிய கிரகணம். நாங்கள் முத்தியால்பேட்டையில் ஒரே ஓட்டு வீட்டில் கூட்டாக இருந்தோம். என் அம்மா கைக்குழந்தையோடு கடலூருக்குத் தாய்வீடு போயிருந்தாள். அப்பாவும் பெரியப்பாவும் மில்லில் காலை ஷிப்டு. வீட்டில் பெரியம்மா ராஜ்ஜியம். சித்திக்கு அப்போது நிறைமாதம்.

ஆனி மாதத்து மேல்காற்று உங்களுக்கு மறந்திருக்காது. இப்போது மாடிக் கட்டடங்கள் வந்து காற்றை மறித்துவிட்டன. அன்றைக்கு விழுப்புரம் பக்கத்துச் செம்மண்ணெல்லாம் வாரிக்கொண்டு வந்து நம் தெருவில் கொட்டும். வெளுத்துக் காயப்போட்ட வேட்டியை எடுக்கும்போது காவி கட்டிய சாமியார் வேட்டி மாதிரி இருக்கும். சோற்றில் மண், கண்ணில் மண். அந்த மாதத்தில் சூரியன் கடலிலிருந்து வட்டமாக எழாது. மேலும் கீழும் அமுங்கிய பரங்கிக்காய் மாதிரி, பழுக்கக் காய்ச்சிய இரும்பின் நிறத்தில், விளிம்பெல்லாம் நெளிந்துகொண்டு வரும். கொஞ்சம் மேலே ஏறின பிறகுதான் வட்டமாகும். அப்படிப்பட்ட வானத்தில்தான் அந்தக் கிரகணம் பிடித்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். முழுக் கூத்துக்கும் காரணம் அந்தப் புழுதிதான்.

கிரகணத்துக்குப் பத்து நாள் முன்பிருந்தே தெருவில் எங்கள் மாமாதான் ராஜா. அம்மாவுக்கு அண்ணன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் முழுக்க அவரைச் 'சொல்தா' என்றுதான் சொல்லும், பட்டாளக்காரருக்கு அதுதானே நம்மூர்ப் பேர். காக்கித் தொப்பி, முறுக்கு மீசை, கையில் சைகோனில் வாங்கிய கைக்கடிகாரம். அதை அவிழ்க்காமல்தான் குளிப்பார். சைகோனில் இருந்தபோது அவர் முழுக் கிரகணம் ஒன்றைப் பார்த்திருந்தார்.

"பட்டப்பகல்டா. யாரோ வெளக்க ஊதி அணைச்சாப்ல ஆயிடுச்சி. கோழியெல்லாம் கூண்டுக்குள்ள போயி அடைஞ்சிடுச்சி. சூரியன் இருந்த எடத்துல கறுப்பா ஒரு தட்டு, அதச் சுத்தி வெள்ளை வெளேர்னு தாடி. நட்சத்திரம் வேற. கீழ பாத்தா நாலு பக்கமும் அஸ்தமனம். மேற்கால மட்டும் இல்லடா, நாலு பக்கமும்."

"கள்ளு சாப்பிட்டுப் பாத்தியா, முன்னாடியே சாப்பிட்டியா?" என்று சித்தப்பா கேட்பார்.

"சிரிங்க. அமாவாசையன்னிக்குக் கடற்கரையில நின்னு பாருங்க. வெளக்கு இல்லாம வூட்டுக்குத் திரும்பி வர முடியாது. என் மீசை மேல சத்தியம்."

மீசை மேல் சத்தியம் செய்தது தெருவுக்கெல்லாம் பரவிவிட்டது.

பெரியம்மாவுக்கு இதில் சிரிப்பு வரவில்லை. சித்திக்கு இதற்கு முன் ஒரு பிள்ளை பிறந்து தங்காமல் போயிருந்தது. அந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஒரு சந்திர கிரகணத்தன்று சித்தி தெரியாத்தனமாகக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள் என்றும், தான் அன்று வீட்டில் இல்லாமல் போனதால்தான் அப்படி ஆனது என்றும் பெரியம்மா நம்பினாள். சித்தியை யாரும் குற்றம் சொல்லவில்லை. பெரியம்மா தன்னைத்தான் சொல்லிக்கொண்டாள். தண்ணீர் மொண்டுகொண்டே சொல்வாள், அரிசி புடைத்துக்கொண்டே சொல்வாள். "நான் இருந்திருந்தா வுட்டிருப்பனா?"

அதனால் இந்தத் தடவை ஏற்பாடு பலமாக இருந்தது. நடு அறை சன்னலுக்கு மேல் சாக்கு. ஓட்டு இடுக்கில் வெளிச்சம் ஒழுகும் இடத்திலெல்லாம் துணி அடைப்பு. ஊறுகாய் ஜாடியில், உப்புப் பானையில், குடிதண்ணீர்க் குடத்தில் தர்ப்பை. கிரகணம் பிடித்ததிலிருந்து விடும்வரை சித்தி உள்ளே நீட்டிப் படுத்திருக்க வேண்டும். பல் குத்தக்கூடாது, சொறியக்கூடாது, தண்ணீர் குடிக்கக்கூடாது. யாரும் உள்ளே போகக்கூடாது, வெளியே வரக்கூடாது.

அறைக்கு எதிரே முற்றத்தில் உலக்கை. இது இளவட்டங்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே உலக்கையை நிறுத்துவார்கள். கிரகணம் இருக்கும்வரை உலக்கை பிடிப்பில்லாமல் நிற்கும், விட்டதும் தானாகச் சாயும் என்பது நம்பிக்கை. எங்கள் வீட்டு உலக்கை பழையது, அடியில் பூண் தேய்ந்து உருண்டிருந்தது. அதனால் கிரகணத்தன்று யாராவது பக்கத்தில் நடந்தாலே கொஞ்ச நேரத்தில் சாய்ந்துவிடும். அந்த வருஷம் பொங்கலுக்குப் பிறகு பூண் கழன்றுபோக, கொல்லுப் பட்டறைக்கு அதைத் தோளில் போட்டுக்கொண்டு போனவன் நான். கொல்லர் புதுப் பூண் அடித்து, அடியை அரத்தால் தட்டையாக ராவி, தரையில் நிறுத்திக் காட்டினார். "பாத்தியா? மாடு முட்டினாலும் நிக்கும்" என்றார். இன்றைக்கு இரும்பில் ஊறிய மனுஷனாகச் சொல்கிறேன், அருமையான வேலை.

இதை நான் பெரியம்மாவிடம் சொன்னேன். "பூண் தட்டையா இருக்குது பெரியம்மா. கிரகணம் இல்லாமலே நிக்குது."

"கொல்லன் பொறக்கறதுக்கு முன்னாடியே உலக்கை நின்னுச்சிடா. போ" என்றாள்.

அன்று காலை மாமா என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். குருசுக்குப்பத்து மணலில் கூட்டம். மீன்காரர்கள் கட்டுமரத்தைக் கரையேற்றிவிட்டு, தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மாமா கையில் விளக்குக் கரி பிடித்த கண்ணாடித் துண்டு. (பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், கரிக் கண்ணாடியெல்லாம் கூடாது. வெறுங்கண்ணும் கூடாது. வெல்டிங் வெளிச்சத்தில் கண் எரிந்தவன் சொல்கிறேன்.)

மாமா கடிகாரத்தைப் பார்த்து, "புடிச்சிடுச்சி" என்றார். நான் அண்ணாந்து பார்த்தேன். புழுதிக்குள்ளே சூரியன் பளபளவென்று எரிந்தது. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை, வட்டமாகத்தான் இருந்தது.

"ஒண்ணும் புடிக்கல மாமா. முழுசாத்தான் இருக்குது."

நான் சொன்னது உரக்கக் கேட்டுவிட்டது. பக்கத்தில் இருந்த மீன்காரர் சிரித்தார். "சொல்தாரே, பையன் சொல்றது காதுல வுழுந்துச்சா? முழுசா இருக்குதாம்."

மாமா என் பிடரியில் ஒன்று வைத்து, கரிக் கண்ணாடியை என் கண்ணுக்கு முன்னால் நீட்டினார். அதற்குள் சூரியன் செம்பருத்தி நிறத்தில் சின்னதாக இருந்தது. ஓரத்தில் யாரோ அதிரசத்தைக் கடித்த மாதிரி ஒரு பெரிய கடி. கண்ணாடியை எடுத்தால் மறுபடியும் வட்டம். வைத்தால் கடி. எனக்குத் தலை சுற்றியது.

அப்புறம் ஒரு கனத்த மேகம் சூரியன் மேல் வந்தது. பளபளப்பு அடங்கியது. அப்போது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது: வெளுத்துப்போய், வெள்ளிக் காசை வெட்டிய மாதிரி, கடித்த சூரியன். மேகம் நகர்ந்ததும் பளபளப்பு திரும்பி வந்து கடியை மூடிவிட்டது. அந்தப் பளபளப்பு வானத்துப் புழுதி செய்கிற வேலை. புழுதியில் வெளிச்சம் பரவிப் பிறையை வட்டமாகக் காட்டுகிறது. மேகம் அந்த மினுக்கலைத் துடைத்துவிட்டு உள்ளதைக் காட்டுகிறது. இதைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மணலில் நின்று நானே கண்டுபிடித்தேன்.

கடி பெரிதாகிக்கொண்டே போனது. வெயில் ஒரு மாதிரி ஆனது. மாலை வெயில் மாதிரி சிவப்பும் இல்லை, மழை இருட்டு மாதிரி கறுப்பும் இல்லை. தேய்க்காத பித்தளைப் பாத்திரத்தின் நிறம். கடல் ஈயம் மாதிரி கிடந்தது. மேல்காற்று நின்றது. உடம்பில் சூடு இல்லை. காக்கைகள் ஒன்றிரண்டு குழம்பிப் போய்க் கத்தின. என்னைக் கேட்டால் அதுவே பெரிய அதிசயம். ஆனால் மாமா சொன்ன இருட்டு வரவில்லை. கோழி ஒன்று எங்கள் காலடியிலேயே மணலைக் கிளறிக்கொண்டிருந்தது.

"சொல்தாரே, கோழி அடையலியே."

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்குதுய்யா."

"நட்சத்திரம் எங்க? வெள்ளக்காரங்க கப்பல்ல ஏத்தினு பூட்டாங்களா?"

கூட்டம் சிரித்தது. அன்றைக்கு முழுக் கிரகணம் இலங்கையில்தான், நமக்கு விழுந்தது ஒரு பங்குதான் என்பது மாமாவுக்குத் தெரியாது. ஒரு கீற்று சூரியன் மிச்சம் இருந்தாலும் போதும், அந்தப் புழுதி வானம் முழுக்க அதை வாங்கிப் பரப்பி வெளிச்சமாக்கிவிடும். சைகோனில் அவர் பார்த்தது உண்மை. இங்கே நடந்ததும் உண்மை. இரண்டுக்கும் நடுவே மனுஷன் மாட்டிக்கொண்டார். கடி சிறுத்துக்கொண்டு வர ஆரம்பித்ததும், இனி இருட்டு வராது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. கரிக் கண்ணாடியைக் கடலில் வீசினார். தொப்பியை முகத்துக்கு இழுத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்.

நான் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தேன். வானத்தில் மேகம் சேர்ந்து மூட ஆரம்பித்திருந்தது. அது முழுதாக மூடுவதற்கு முன் கனத்த மேகம் ஒன்றுக்குப் பின்னால் சூரியன் மங்கலாக, பகல் நிலா மாதிரி தெரிந்தது. முழு வட்டம். ஓரத்தில் ஒரு குறையும் இல்லை. மினுக்கல் இல்லாத வட்டம், அதனால் அது நிஜம். விட்டுவிட்டது. பிறகு வானம் மூடிக்கொண்டது.

"மாமா, விட்டுடுச்சி."

மாமா கடிகாரத்தைப் பார்த்து, "ஆமா, விட்டிருக்கும்" என்றார். குரலில் உயிர் இல்லை.

வீட்டுக்கு வந்தால் வாசலில் சித்தப்பா அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார். வாசற்படியில் மருத்துவச்சி அம்மா உட்கார்ந்திருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் பிரெஞ்சு டாக்டரிடம் வேலை பழகிய சாயபு வீட்டு அம்மா. மடியில் பை, முகத்தில் கோபம். சித்திக்கு வலி கண்டு, சித்தப்பா ஓடிப்போய் அழைத்து வந்திருக்கிறார். பெரியம்மா உள்ளே விடவில்லை.

"அக்கா, நான் சொல்றதக் கேளு. பனிக்குடம் ஒடைஞ்சிடுச்சின்னு அந்தப் பொண்ணே சொல்லுது. கதவத் தொற."

"உலக்கை நிக்குது தாயே. இன்னும் விடல."

"உலக்கையா புள்ள பெக்கப் போவுது?"

பெரியம்மா உலக்கைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். உலக்கை மாடு முட்டினாலும் அசையாத மாதிரி நின்றது. மூடின கதவுக்குப் பின்னால் சித்தி பல்லைக் கடித்துக்கொண்டு முனகும் சத்தம். பெரியம்மாவின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. இன்று நினைத்தால் புரிகிறது, அந்தச் சத்தம் சித்தப்பாவைவிட அவளைத்தான் அதிகம் அறுத்திருக்கும். சித்தியைத் தன் மகளாகத்தான் வளர்த்தாள். அதனால்தான் எழுந்திருக்கவில்லை.

"விட்டுடுச்சி பெரியம்மா" என்றேன். "நான் பாத்தேன். முழுசா இருந்துச்சி."

"நீ முழுசாப் பாத்த லட்சணம் மீன்காரங்க சொல்லிட்டுப் போனாங்க. புடிச்சிருக்கும்போதே முழுசா இருக்குதுன்னியாம்."

"அது பளபளன்னு இருந்துச்சி பெரியம்மா. இப்ப மங்கலா இருந்துச்சி. மங்கலா இருந்தாத்தான் நெஜமாத் தெரியும்."

"இன்னா ஒளர்றான் இவன்?"

மாமா கடிகாரத்தைக் காட்டினார். "என் கடியாரப்படி விட்டு ரொம்ப நேரம் ஆவுதும்மா."

"அது சைகோன் கடியாரம் அண்ணே. நீங்க சொன்ன இருட்டு எங்க? ஊரே உங்க மீசையப் பாத்துனு நிக்குது."

மாமா மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சித்தப்பா வெளியே ஓடி அண்ணாந்து பார்த்தார். சாம்பல் பூசிய வானம். எங்கே சூரியன் இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. மில் சங்கு ஊதியது. "சங்கு ஊதிட்டாங்க அண்ணி, பஞ்சாங்கத்து நேரம் தாண்டிடுச்சி" என்று கெஞ்சினார்.

"சங்கு மனுஷன் ஊதறது. பஞ்சாங்கம் மனுஷன் எழுதறது. உலக்கை மட்டுந்தான் தானா நிக்குது" என்றாள் பெரியம்மா. "போன தடவ மாதிரி இன்னொரு தடவ என்னால தாங்க முடியாது. கைய எடுத்துக் கும்பிடறேன். யாரும் என்னை அவசரப்படுத்தாதீங்க."

அப்போது உள்ளேயிருந்து சித்தியின் குரல் வந்தது. என்னைத்தான் கூப்பிட்டாள். அவள் எப்போதும் என்னைச் சின்னவனே என்றுதான் கூப்பிடுவாள்.

"சின்னவனே... நெஜமாவே விட்டுடுச்சா?"

"விட்டுடுச்சி சித்தி. நானே பாத்தேன்."

"அப்படின்னா சரி" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அந்த வீட்டில் என்னை நம்பிய ஒரே ஆள் கதவுக்குப் பின்னால் கிடந்தாள். நான் முற்றத்தைச் சுற்றிக்கொண்டு உலக்கைக்குப் பின்புறம் போனேன். பெரியம்மா கும்பிட்ட கையோடு கண்ணை மூடியிருந்தாள், உதடு மட்டும் அசைந்தது. சித்தப்பா கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார், மாமா தரையை. ஒரு கையால் உலக்கையைத் தள்ளினேன்.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தாம்பாளம் எகிறி, மஞ்சள் தண்ணீர் பெரியம்மாவின் புடவையெல்லாம் தெறித்தது. உலக்கை முற்றத்துக் கல்லில் உருண்டு ஓடியது. பெரியம்மா கண்ணைத் திறந்தாள். ஒரு கணம் உலக்கையைப் பார்த்தாள். "விட்டுடுச்சி" என்றாள். பிறகு அவள் எழுந்த வேகத்தை நான் வேறு எந்த மனுஷியிடமும் பார்த்ததில்லை. தாழ்ப்பாளைத் திறக்கவில்லை, பிடுங்கினாள். மருத்துவச்சி அம்மா பையோடு உள்ளே ஓடினாள். போகிற போக்கில் என்னைப் பார்த்து ஒரு பார்வை. வாசற்படியில் இருந்து அவளுக்கு முற்றம் நேராகத் தெரியும்.

குழந்தை கழுத்தில் கொடி சுற்றி, நீலம் பாரித்துப் பிறந்தது. அழவில்லை. மருத்துவச்சி அம்மா காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டினாள். மறுபடி தட்டினாள். பிறகு அழுதாள் பாருங்கள், உங்கள் விழா நாயகி. இன்றுவரை அந்தத் தொண்டை அடங்கவில்லை, அவளிடம் படித்த பிள்ளைகளைக் கேளுங்கள்.

மருத்துவச்சி அம்மா கையைக் கழுவிக்கொண்டே சித்தப்பாவிடம், "இன்னும் செத்த நேரம் போயிருந்தா நான் சும்மா திரும்பியிருப்பேன்" என்றாள். என் தலையில் ஈரக் கையை வைத்துத் தேய்த்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலமே கதை தயாராகிவிட்டது. சாமியே பார்த்து உலக்கையைச் சாய்த்ததாகப் பெரியம்மா சொன்னாள். தன் கடிகாரம் சொன்ன நேரத்துக்கு உலக்கை விழுந்தது என்று மாமா சொன்னார், மீசை பழையபடி மேலே ஏறியது. சித்தப்பா இரண்டையும் சேர்த்துச் சொன்னார். பெரியம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் உலக்கைக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். தண்ணீர் மொள்ளும்போதும் அரிசி புடைக்கும்போதும் தன்னைத் தானே சொல்லிக்கொள்வதை அன்றோடு விட்டுவிட்டாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள். அவளுக்குப் பாட்டு வரும் என்றே எனக்கு அதுவரை தெரியாது.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, சொல்ல வாய் வரவில்லை. நாக்கின் நுனியில் இருந்தது. நீங்கள் என்னை அறிவீர்கள், ஒரு ஆணி அடித்தாலும் ஊரைக் கூட்டிச் சொல்கிறவன். இதை மட்டும் பெரியம்மா இருந்தவரை சொல்லவில்லை. அவள் போன பிறகு சித்தி இருந்தாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி எனக்கு மட்டும் ஒரு அதிரசம் கூட வைப்பாள். மருத்துவச்சி அம்மாவும் போய்விட்டாள், மாமாவும் போய்விட்டார். இனிமேல் யார் மனசும் கெடாது.

மலருக்கு நீங்கள் எழுதி வைத்திருக்கும் வாழ்க்கைக் குறிப்பைப் பேரன் எனக்குப் படித்துக் காட்டினான். 'கிரகணம் நீங்கி உலக்கை தானாகச் சாய்ந்த நல்ல வேளையில் பிறந்தார்' என்று போட்டிருக்கிறீர்கள். உலக்கைக்கு அத்தனை பெருமை, எனக்கு ஒரு வரி கிடையாது. தோழர்களே, தட்டையாக ராவிய பூண் தானாகச் சாயாது, வேண்டுமானால் என் பட்டறைக்கு வாருங்கள், ஒன்று செய்து நிறுத்திக் காட்டுகிறேன். அந்த வரியை அடித்துவிடுங்கள். கிரகணம் விட்டதைக் கண்ணால் கண்டவன் நான், உலக்கையைத் தள்ளியவன் நான் என்று போடுங்கள். அச்சாபீசில் இடம் இல்லை என்றால் என் பாராட்டுரையை எடுத்துவிட்டு அங்கே போடுங்கள். என் முழுப் பேரையும் போடவேண்டும், இனிஷியலோடு.